கொப்புளத்தை மறைக்க வேண்டாம்

ஆண்குறியில் கொப்புளம் கண்டதும் மனைவியைச் சந்தேகிப்போரை நாம் அறிவோம். கொத்தாக எழும்பி, எரிந்து, உடையும் நீர்க்கொப்புளங்கள் பெரும்பாலும் ஹேர்ப்பிஸ் வைரசால் வருபவை. அது உடலில் ஆண்டுக்கணக்காக மறைந்திருக்கும். ஆகவே இன்றைய துரோகத்துக்கு அது சான்றல்ல.

இராவில் அரிப்பு மிகுந்தால் சொறியாக இருக்கலாம். இடம்பெயர்ந்து நெருங்கி வாழ்கையில் எளிதில் பரவும், வீட்டார் அனைவருக்கும் ஒரே நாளில் மருந்து தேவை. சில மாத்திரைகள் ஒவ்வாமலும் அவ்விடம் கொப்புளிக்கும்.

நாம் அதிகம் அஞ்சுவது வலியற்ற சிபிலிஸ் புண்ணுக்கே. அது தானாக ஆறும். கிருமியோ உள்ளே தங்கி, கருவிலுள்ள பிள்ளையையும் தாக்கும். பெனிசிலின் ஊசி குணமாக்கும். தாயிடமிருந்து சேய்க்கு இந்நோய் பரவுவதை இலங்கை ஒழித்ததாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கர்ப்பிணிகளின் இரத்தப் பரிசோதனை அதற்குப் பெரிதும் உதவியது.

இறம்பொடையிலிருப்போர் கண்ட களிம்பையும் பூசாமல், புண் ஆறுமுன் நுவரெலியா அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பாலியல் நோய்ச் சிகிச்சை அங்கு இலவசம்; இரகசியம் காக்கப்படும். மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள்.