பெட்டிக்குள் பேய்கள்!

பேய்க் கதை படிப்பதற்கென்றே ஓர் ஊரைத் தேடச் சொன்னால் குன்னூரையோ கோத்தகிரியையோதான் சொல்வேன். சாயங்காலம் நாலு மணிக்கே மூடுபனி தேயிலைச் சரிவில் ஏறி வந்து, ஸில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிவிடும். ஜன்னல் கதவு ஒரு தரம் கிறீச்சிட்டால் போதும். கையிலிருக்கும் புத்தகத்தில் பேயே இல்லாவிட்டாலும் உடம்பு சிலிர்க்கும்!

ஆனால் பேய்ப் படக்கதைகளைச் சேர்த்து வைப்பதற்கு இதைவிடப் பொல்லாத இடம் கிடையாது. அந்தச் சங்கதி பின்னால் வருகிறது. எதைச் சேர்ப்பது என்பதை முதலில் பார்ப்போம். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கக் கூடும். மாமனாரோ மைத்துனரோ பள்ளிக்கூட நாளில் ஆசையாகச் சேர்த்த காமிக்ஸ் அதில் இருக்கலாம். வாசலில் பழைய பேப்பர்க்காரர் தராசோடு நிற்கிறார். கிலோக் கணக்கில் போட்டுவிடுவதற்கு முன் ஒரு நிமிஷம்!

“முதல் நம்பர் இதழ்தான் ஒஸ்தி, மற்றதெல்லாம் குப்பை” என்று சிலர் நினைக்கிறார்கள். திகில் காமிக்ஸ் விஷயத்தில் இந்தக் கணக்கு பல சமயம் உதவாது.

அமெரிக்காவில் 1950-ல் இ.ஸி. என்ற நிறுவனம் மூன்று திகில் பத்திரிகைகளை ஆரம்பித்தது. அதிபர் வில்லியம் கெய்ன்ஸ்; ஆசிரியர் ஆல் ஃபெல்ட்ஸ்டீன். புதுப் பெயரில் பத்திரிகை நடத்த வேண்டுமானால் தபால் இலாகாவில் புதிதாகப் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். அந்தச் செலவு எதற்கு என்று, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பத்திரிகைகளின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, பழைய நம்பரையே தொடர்ந்து போட்டார்கள். ‘க்ரைம் பேட்ரோல்’ என்ற துப்பறியும் பத்திரிகை 17-வது இதழில் ‘கிரிப்ட் ஆஃப் டெரர்’ ஆயிற்று. 20-வது இதழில் ‘டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்’ என்று மறுபடியும் பெயர் மாறியது. ‘வால்ட் ஆஃப் ஹாரர்’ 12-ல் பிறந்தது. ‘ஹான்ட் ஆஃப் ஃபியர்’ பிறந்தது 15-ல். வீட்டுச் செலவில் சிக்கனம் பிடிக்கும் நமக்கு இந்த யுக்தி புரியாதா, என்ன?

வேடிக்கை இதோடு முடியவில்லை. ‘ஹான்ட் ஆஃப் ஃபியர்’ 15, 16, 17 என்று மூன்று இதழ் வந்ததும் தபால் இலாகா விழித்துக்கொண்டது. அடுத்த இதழுக்கு 4 என்று நம்பர் போட வேண்டியதாயிற்று. நாலிலிருந்து மறுபடி எண்ணிக்கொண்டு போனதால் 1952-ல் இன்னொரு 15 வந்தது. பின்னாலேயே இன்னொரு 16, இன்னொரு 17! ஆகவே, “பதினைந்தாம் நம்பர் இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால், “எந்த வருஷத்துப் பதினைந்து?” என்று கேளுங்கள். 1950-ல் வந்தது அபூர்வம். மற்றது அவ்வளவு இல்லை.

அதேபோல், 1950-ம் வருஷத்து ‘டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்’ முதல் நம்பர் என்று யாராவது நீட்டினால் பர்ஸைத் திறக்காதீர்கள். அப்படி ஓர் இதழே அந்தக் காலத்தில் கிடையாது. 1990-களில் பழைய இதழ்களை மறுபதிப்பாகப் போட்டபோதுதான் ஒன்று, இரண்டு என்று ஒழுங்காக நம்பர் கொடுத்தார்கள். மறுபதிப்பைப் படித்து ரசிக்கலாம். அசலின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

சரி, எந்த இதழ் முக்கியம்? ஏதோ ஒன்று அதில் தொடங்கியிருக்க வேண்டும். அல்லது முடிந்திருக்க வேண்டும். அல்லது அதனால் ஒரு கலகம் நடந்திருக்க வேண்டும். கலகத்துக்கு உதாரணம், 1954-ல் வந்த ‘க்ரைம் ஸஸ்பென்ஸ்டோரீஸ்’ 22-வது இதழ். உண்மையில் அது குற்றக் கதைப் பத்திரிகைதான். ஆனால் அட்டையில் ஒரு பெண்ணின் வெட்டுண்ட தலை! அந்த வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி, செனட் விசாரணையில் கீஃபாவர் என்ற அங்கத்தினர் அந்த அட்டையைத் தூக்கிக் காட்டி, “இது நல்ல ரசனையா?” என்ற பொருளில் கேட்டார். திகில் பத்திரிகை அட்டை என்ற அளவில் நல்ல ரசனைதான் என்று சாதித்தார் கெய்ன்ஸ். தேசம் பூராவும் அமளி! அதே வருஷம் காமிக்ஸ் பிரசுரகர்த்தர்கள் கூடித் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். தலைப்பில் ‘ஹாரர்’, ‘டெரர்’ என்ற வார்த்தைகளே வரக் கூடாது! இ.ஸி.யின் திகில் பத்திரிகைகள் மூன்றும் மூடப்பட்டன. இன்று அந்த அட்டைக்கு இருக்கும் மவுசு, அதை ஒழிக்க நினைத்தவர்கள் சம்பாதித்துக் கொடுத்தது.

அந்தப் பீதி கடல் கடந்தும் பரவியது. பிரிட்டனில் 1955-ல் ஒரு சட்டம் வந்தது. அடுத்த வருஷமே நம் பார்லிமெண்டும், இளைஞர்களுக்குத் தீங்கான பிரசுரங்களைத் தடுக்கச் சட்டம் செய்தது. குற்றம், கொடூரம், அருவருப்பு ஆகியவற்றையே பெரும்பாலும் சித்திரித்து இருபது வயதுக்குட்பட்டவர்களின் மனத்தைக் கெடுக்கக்கூடிய கதைகளை விற்றால் ஆறு மாதம் வரை சிறைவாசம்! அம்மாமார்களின் கவலையில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அட்டையை எட்டு வயதுப் பையன் கையில் கொடுக்க எனக்கும் மனம் வராது.

நம் தமிழில்? 1972-ல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’யை வெளியிட்டது. 1962-ல் பிரிட்டனில் ‘வேலியண்ட்’ பத்திரிகையில் தோன்றிய ஆசாமி அவன். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்துபோய் இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும். பேய்க் கதை இல்லைதான். ஆனாலும் அந்தக் கையைக் கனவில் கண்டு அலறிய குழந்தைகள் எத்தனை பேரோ! நேரடியாகத் ‘திகில்’ என்ற பெயரிலேயே சிவகாசியிலிருந்து காமிக்ஸ் வந்தது 1986-ல். அந்நாளைய வாசகர்களுக்குக் கதை சொல்லும் கறுப்புக் கிழவியைத் தெரியாமலிராது. இ.ஸி. பத்திரிகைகளிலும் ஒரு சூனியக்காரக் கிழவிதான் கதை சொல்வாள். அவளை வரைந்த கிரஹாம் இங்கல்ஸ், ‘கோரம்’ என்று பொருள்படும் பெயரில் கையெழுத்துப் போடுவார். எந்த நாடானாலும் பயமுறுத்தக் கிழவிதான் வேண்டும் போலிருக்கிறது!

மாயாவி கதைகள் பல முறை மறுபதிப்பாகியிருக்கின்றன. ஆகவே அட்டைப் படத்தைப் பார்த்து மயங்காமல், உள்ளே அச்சிட்ட வருஷம், விலை, விளம்பரங்களைப் பாருங்கள். நடுப்பக்கம் பிடுங்கப்படாமல் இருக்கிறதா என்று எண்ணுங்கள். அட்டை கிழிந்த பிரபல இதழைவிட, எல்லாப் பக்கமும் உள்ள சாதாரண இதழையே நான் எடுத்துக்கொள்வேன். படிக்க முடியாத புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இனி, மலை ஊரின் வில்லத்தனம். பழைய காமிக்ஸை அச்சிட்டது மட்டமான மரக்கூழ்க் காகிதத்தில். அதிலேயே அமிலம் இருப்பதால் வருஷம் ஆக ஆகப் பழுத்து ஒடியும். அதோடு ஊட்டியின் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சணம் பூக்கும். தைத்த கம்பி துருப்பிடித்து முதுகில் கறை இறங்கும். ராமபாணப் பூச்சி பசையைத் தேடி வரும். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீர்கள். ஈரம் போகட்டும் என்று கணப்புக்குப் பக்கத்தில் வைப்பதும் ஆபத்து; சூடு காகிதத்தை முறுக்கிவிடும். கிழிசலில் செல்லோ டேப் ஒட்டவே கூடாது. பாச்சை உருண்டையும் புத்தகத்தைத் தொட வேண்டாம். பாலியெஸ்டர் உறைக்குள், அமிலமற்ற அட்டை ஒன்றை முதுகுக்குக் கொடுத்து நிமிர்த்தி வையுங்கள்; பெட்டியில் ஸிலிக்கா பொட்டலம் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள்.

பெட்டியைப் பனிமூட்டமான நாளில் மூடினால் பனியையும் சேர்த்துத்தான் பூட்டுகிறீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் காலை உறைபனி கரைந்து, பகலில் வறண்ட வெயில் அடிக்குமே, அந்த நாளாகப் பார்த்துத் திறந்து, ஒவ்வொன்றாகப் புரட்டி, நிழலில் காற்றாட விட்டு, சாயங்காலப் பனி ஏறுமுன் மூடிவிடுங்கள்.