கதை எழுதியவரைக் காணும் உரிமை

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் ராஜபாட்டையில் ரெட்டியார்சத்திரம் இருக்கிறது. தைப்பூசக் காலத்தில் பழனியாண்டவரைத் தரிசிக்க நடந்து செல்லும் ஜனத்திரள் இவ்வூர் வழியாகவும் போகிறது. வழிநடப்போருக்குத் தங்க இடம் அளித்த தர்மமொன்று ஊருக்கே பெயராக நிலைத்துவிட்டது. ஒரு பஞ்சாயத்து யூனியனும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. கடை உண்டு, பஸ் உண்டு, பாடசாலை உண்டு. கட்சிக் கூட்டங்களுக்கும் குறைவில்லை. இந்த யூனியனைச் சேர்ந்த ஏதேனும் ஒரு கிராமத்தில் எட்டு வயதுக் குழந்தையை அழைத்து, "நீ யார் யாரைப் பார்த்திருக்கிறாய்?" என்று கேட்டால், சட்டசபை அங்கத்தினரைப் பார்த்ததாகச் சொல்லக்கூடும், மந்திரியின் மோட்டாரைப் பார்த்ததாகச் சொல்லக்கூடும், சினிமா நடிகரைச் சுவரொட்டியில் தினந்தோறும் பார்ப்பதாக நிச்சயம் சொல்லும். "புஸ்தகம் எழுதியவர் யாரையாவது பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டால், பெரும்பாலும் அக்குழந்தை விழிக்கும். புஸ்தகத்தை ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதுகிறார் என்பதே அதற்குப் புதுச் செய்தியாக இருக்கும். பாடப் புஸ்தகம் சர்க்காரிடமிருந்து வருகிறது. ரேஷன் அரிசியும் சர்க்காரிடமிருந்து வருகிறது. இரண்டும் எங்கோ ஒரு கிடங்கில் விளைவதாகவே அது எண்ணியிருக்கும்.

தேசத் தொண்டிலும் கட்சிப் பணியிலும் மூழ்கியிருக்கும் நமது நண்பர்கள் இதை அற்ப விஷயமென்று தள்ளிவிடலாகாது. சிறு குழந்தை படப் புஸ்தகத்தைப் பார்க்கும் விதத்தை ஒருமுறை அருகிலிருந்து கவனித்தவர்களுக்கு அதன் மகிமை விளங்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத பருவத்திலேயே அது படத்தைப் படிக்கத் தொடங்கிவிடுகிறது. பெரியவர் கண்ணுக்கு யானை மட்டும் தெரியும். குழந்தையோ யானையின் காலடியில் மூலையிலே ஊர்ந்து போகும் எறும்பைக் கண்டுபிடித்து அதற்கொரு பெயரும் வைத்துவிடும். அதே கதையை இருபது தடவை சொல்லச் சொல்லும். நாம் ஒரு வார்த்தையை மாற்றிவிட்டால் பிடித்துக்கொள்ளும். குறுக்கு விசாரணையில் தேர்ந்த வக்கீல்கள்கூட இவ்வளவு கண்டிப்பாக இருப்பதை நாம் கோர்ட்டிலே கண்டதில்லை. இப்படிப் பழகிய குழந்தை ஒருநாள், "இதை யார் வரைஞ்சாங்க?" என்று கேட்கிறது. அப்பொழுது, "இதோ, இவர்தான்" என்று ஓர் ஆளைக் காட்ட முடிந்தால், அடுத்த கணம் அது பென்சிலைத் தேடும். காட்ட முடியாமற் போனால் அந்தக் கேள்வி அத்துடன் அவிந்துபோகும்.

படத்தின் மூலம் பாடம் என்பது நேற்றுப் பிறந்த நாகரிகமன்று. மொராவிய தேசத்திலே பிறந்து, மதச் சண்டையினால் ஊர் ஊராக அலைந்த கொமேனியஸ் என்ற பாதிரியார், 1658இல் நூரம்பர்க் நகரில் 'ஓர்பிஸ் பிக்டஸ்' என்ற படப் புஸ்தகத்தை வெளியிட்டார். ஒவ்வொரு படத்தின் கீழும் லத்தீனிலும் ஜெர்மனிலும் விளக்கம் இருந்தது. பண்டித பாஷையோடு தாய்மொழியையும் குழந்தையின் கையிலே கொடுத்ததுதான் அதன் விசேஷம். சென்னையில் 1996இல் தோன்றிய தூலிகா பதிப்பகத்தார் தமிழும் ஆங்கிலமுமாக இருமொழிப் படப் புஸ்தகங்கள் போடத் தொடங்கியதையும் இந்த வரிசையிலேயே வைக்கலாம்.

தமிழ்நாட்டில் குழந்தைக்குப் பாட்டு முந்தி வந்தது. படம் பிந்தி வந்தது. பாரதியார் 1915இல் பாப்பாவுக்குப் பாடினார். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அவர்கள் காக்கையையும் கிளியையும் கன்றுக்குட்டியையும் குழந்தைகளின் தோழர்களாக்கினார். ஆனால், வண்ணப் படம் நிறைந்த தமிழ்ப் புஸ்தகம் நெடுங்காலம் ஏழையின் வீட்டை எட்டவில்லை. காரணம் அச்சுக்கூடத்தின் கணக்கு. நாலு வர்ணத்துக்கு நாலு பிளேட் வேண்டும். ஆயிரம் பிரதி அடித்தாலும் பதினாயிரம் அடித்தாலும் பிளேட்டுக்கும் சித்திரக்காரருக்கும் ஆகும் செலவு ஒன்றே. குறைந்த பிரதி அடித்தால் விலை ஏறும். விலை ஏறினால் வாங்குவோர் குறைவர். வாங்குவோர் குறைந்தால் பிரதி இன்னும் குறையும். இந்தச் சுழலில் அகப்பட்டுக்கொண்ட பிரசுரகர்த்தர்களை நாம் நேரில் அறிவோம். அவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை.

இந்தச் சுழலை உடைத்தது நமது நாட்டு முதலாளியுமல்ல, சர்க்காருமல்ல. சோவியத் தேசத்தார்! மாஸ்கோவிலுள்ள முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் தமிழிலேயே அச்சிட்ட குழந்தைப் புஸ்தகங்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் சொற்ப விலைக்கு விற்று வந்தது. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றோர் மாஸ்கோவில் இருந்துகொண்டு ருஷ்ய நூல்களைத் தமிழாக்கினர். அன்று தமிழகத்தில் எத்தனையோ குழந்தைகள் கண்ட முதல் நல்ல வண்ணப் படம் பனிக்கரடியும் பிர்ச் மரமுமாகத்தான் இருந்தது. அதில் பொறாமைப்பட ஒன்றுமில்லை. நன்றி பாராட்டவே வேண்டும். எனினும் ஒன்று கவனிக்க வேண்டும். அந்தப் புஸ்தகங்களை எழுதியவர்களும் வரைந்தவர்களும் அநேக ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தார்கள். அவர்களைக் காணலாமென்று எந்தக் குழந்தையும் கனவிலும் எண்ணவில்லை. 1991இல் சோவியத் யூனியன் கலைந்தபோது அந்தப் புஸ்தக வரவும் நின்றுவிட்டது. பிறர் வீட்டு விளக்கில் படித்த பிள்ளையின் நிலைமைதான்.

வெகு தூரம் போவானேன்? ரெட்டியார்சத்திரத்தைக் கடந்து போகும் சாலையையே பிடித்துப் பழனிக்கும் அப்பால் சென்றால், தாராபுரத்தை அடுத்த காரத்தொழுவு என்ற கிராமம். 1924இல் அங்கே பிறந்தவர் கே. சி. சிவசங்கரன். பாலப்பருவத்திலேயே சென்னை சென்று, தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் தலைமையில் நடந்த சர்க்கார் கலைப் பள்ளியில் பயின்று, முதலில் 'கலைமக'ளிலும், 1950களின் தொடக்கத்திலிருந்து 'அம்புலிமாமா'விலும் படம் வரைந்தார். நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின மாதமான 1947 ஜூலையில், நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய பத்திரிகை அது. தோளிலே பிரேதத்தைச் சுமந்து, கையிலே உருவிய வாளுடன் மயானத்தின் நடுவே நடக்கும் விக்கிரமாதித்த ராஜாவின் படத்தை அறியாத தமிழர் உண்டா? 'சங்கர்' என்று கையெழுத்திட்டு அதை வரைந்தவர் இவர்தான். ஏறக்குறைய அறுபது ஆண்டு வரைந்தார். 2013இல் பத்திரிகை நின்றது. 2020 செப்டம்பரில் அவர் காலமானார். 2021இல், மறைவுக்குப் பின், பத்மஸ்ரீ பட்டம் வந்தது. படத்தைக் கோடிக் கண்கள் கண்டன. ஆளைக் கண்டவர் எத்தனை பேர்? கொங்கு நாட்டுக் கிராமத்துப் பையன் ஒருவன் வரைந்த படம் என்பதை அந்தச் சாலையோரத்துப் பையன்களுக்கு நாம் சொல்லாமலே இருந்துவிட்டோம். பழனிக்கு வரும் லக்ஷக்கணக்கானவர்களில் எவரும் காரத்தொழுவு எங்கேயென்று விசாரித்ததாகத் தெரியவில்லை.

எழுதுவோரையும் குழந்தைகளையும் ஓரிடத்தில் சேர்க்க வேண்டுமென்பதை ஸ்ரீ அழ. வள்ளியப்பா அவர்கள் நன்றாக உணர்ந்திருந்தார். புதுக்கோட்டைச் சீமையிலுள்ள ராயவரத்தில் பிறந்து, 1940இல் 'சக்தி' காரியாலயத்தில் சேர்ந்து, பின்னர் இந்தியன் பாங்கில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காகப் பாடியவர். 1944இல் 'மலரும் உள்ளம்' வெளியாயிற்று. 1950இல் அவருடைய முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் சென்னையில் அமைந்தது; மாநாடுகளும் புஸ்தகக் கண்காட்சிகளும் நடந்தன. பகலெல்லாம் வட்டிக் கணக்கு, இரவெல்லாம் வண்டுப் பாட்டு! இவ்வாறு இரட்டை வாழ்வு வாழ்ந்த ஒருவரைக் கண்ணால் கண்ட சிறுவனுக்கு, எழுதுவது தேவர்கள் தொழிலன்று, அடுத்த வீட்டுக்காரரும் செய்யக்கூடியது என்று விளங்கியிருக்குமல்லவா? 1989இல் அவர் மறைந்தார். அவருடைய புதல்வி தேவி நாச்சியப்பன் அவர்களுக்கு 2019இல் சாகித்திய அகாதமியின் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது. எழுதுகிறவரைத் தினமும் கண்டு வளர்ந்த குழந்தைக்குக் கிடைத்த பலனை அந்த வீடே சாட்சி சொல்கிறது.

அந்தப் புரஸ்காரம் 2010இல் ஏற்படுத்தப்பட்டது. தமிழுக்கு அதை முதன் முதலில் பெற்றவர் யார்? 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி' எழுதிய மா. கமலவேலன் அவர்கள், திண்டுக்கல்லைச் சேர்ந்தவர். ரெட்டியார்சத்திரத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே உள்ளது ஒரு சிறு பஸ் பயணம். ரெட்டியார்சத்திரத்தில் சர்க்கார் ஒரு காய்கறி மகத்துவ மையம் அமைத்திருக்கிறது. இஸ்ரேல் தேசத்தின் விவசாய முறையைக் கொண்டுவந்து, நிழல் வலைக்குள் நாற்று வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். மத்தியதரைக் கடலோரத்து வித்தை இங்கு வந்து சேர முடிகிறது. திண்டுக்கல் எழுத்தாளரின் புஸ்தகம் அவ்வூர்ப் பாடசாலைக்கு வந்து சேரும் வழியைப்பற்றி மட்டும் யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை.

சர்க்கார் சும்மா இருக்கிறதென்று நாம் சொல்லவில்லை. 2022இல் சர்க்கார் பாடசாலைப் பிள்ளைகளுக்காக 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்ற பத்திரிகைகளைப் பள்ளிக் கல்வி இலாகா தொடங்கியது. 2023இல் வாசிப்பு இயக்கம் என்ற பெயரில் ஒரு கதைக்கு ஒரு சிறு புஸ்தகமாக, படங்களுடன், நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாக வகுத்து அச்சிட்டது. கொமேனியஸ் பாதிரியார் கண்டால் மகிழ்ந்திருப்பார். ஆனால் புஸ்தகம் வந்து இறங்கும் இடத்தில் எழுதியவரும் வந்து இறங்குவது மிக அரிது. தவிர, அடுத்த தணிக்கை வரைக்கும் பிரதி கிழியாமல் இருக்க வேண்டுமென்ற கவலையில், புஸ்தகங்களைப் பீரோவிலே பூட்டி வைக்கும் வழக்கமும் எங்கும் இருக்கிறது. உபாத்தியாயரை நோவதற்கில்லை, கிழிந்தால் அவரல்லவா பதில் சொல்ல வேண்டியிருக்கிறது? கிழிந்த படப் புஸ்தகத்தைப் 'படிக்கப்பட்டது' என்று கணக்கெழுதி நீக்க ஓர் உத்தரவு போட்டால் போதும்.

"வயிற்றுக்கே திண்டாடும் குடியானவன் வீட்டுக் குழந்தைக்குப் படப் புஸ்தகம் ஒரு கேடா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். "கையிலே டெலிபோன் இருக்கும்போது காகிதம் எதற்கு?" என்பாரும் உண்டு. இரண்டாமவருக்குப் பதில் சுலபம். டெலிபோனில் படம் தானாக ஓடுகிறது, குழந்தைக்காகக் காத்திருப்பதில்லை. புஸ்தகத்தின் பக்கம், எறும்புக்குப் பெயர் வைத்து முடியும் வரைக்கும் காத்திருக்கும். முதலாமவருக்குச் சட்டப் புஸ்தகத்திலிருந்தே பதில் சொல்கிறோம். 1931இல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்ற பெரியவர் அமைத்துக் கொடுத்த மாட்டுவண்டி நூலகத்தை எஸ். ஆர். ரங்கநாதன் தொடங்கி வைத்தார். அதே ரங்கநாதனின் இடைவிடாத முயற்சியினால் 1948இல் சென்னை ராஜதானியில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம் அதுதான். அதன்படி, வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறார். ரெட்டியார்சத்திரத்துக் குடியானவரும் அதற்கு விலக்கல்லர். ஆகவே, அவர் குழந்தைக்குப் புஸ்தகம் கொடுப்பது தானமன்று, கடன் தீர்ப்பது. வரி வாங்கிக்கொண்டு சரக்குக் கொடுக்காதிருப்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

எழுத்தாளருக்கும் இதிலே லாபம் உண்டு. இங்கிலாந்தில் பீட்ரிக்ஸ் பாட்டர் என்ற மாது, நோயாய்ப் படுத்திருந்த தமக்குத் தெரிந்த சிறுவனுக்கு 1893இல் ஒரு கடிதம் எழுதினார். எழுதுவதற்குச் செய்தி ஒன்றும் அகப்படாமல், நான்கு முயல்களின் கதையைப் படம் போட்டு எழுதி அனுப்பினார். அது 1902இல் புஸ்தகமாகி உலகமெங்கும் பரவியது. எதிரே ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு எழுதிய கதையாதலால் அதிலே உபதேச நாற்றம் இல்லை. நமது குழந்தை எழுத்தாளர் சிலர் பாராவுக்கு ஒரு நீதி வீதம் பொழிகிறார்கள். முப்பது குழந்தைகளின் நடுவே உட்கார்ந்து தம் கதையைத் தாமே ஒருமுறை வாசிக்கட்டும். எந்த இடத்தில் கொட்டாவி வருகிறதென்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

இனி நமது நண்பர்களின் பங்கு. அநேக ஊர்களில் கட்சி சார்பாகவோ தலைவர் பெயராலோ வாசகசாலைகள் நடந்து வருகின்றன. அங்கே தினசரிகள் வருகின்றன; ஆண்கள் உரக்கப் படித்து வாதாடுகிறார்கள். குழந்தை எட்டிப் பார்த்தால், "விளையாடப் போ" என்று விரட்டுகிறோம். அந்தக் கொட்டகையிலேயே, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பலகை அடித்து முப்பது படப் புஸ்தகம் வையுங்கள். ஒரு பொதுக்கூட்டத்தின் ஒலிபெருக்கி வாடகையைவிட இதற்கு அதிகம் பிடிக்காது. நவம்பர் 7 வள்ளியப்பா பிறந்த தினம். 14 குழந்தைகள் தினம், நூலக வாரம் தொடங்குவதும் அன்றே. அந்த வாரத்தில் ஓர் எழுத்தாளரையோ சித்திரக்காரரையோ வரவழையுங்கள். பஸ் சத்தமும் பகல் சாப்பாடும் கொடுத்து, ஒரு சிறு தொகையும் கவரில் போட்டுக் கொடுங்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. அவர் வருவதற்குப் பதினைந்து நாள் முன்னதாகவே அவருடைய புஸ்தகம் குழந்தைகளின் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் யாரோ ஒரு விருந்தாளி. மேடை வேண்டாம், பாய் போதும். தலைமையுரை, வரவேற்புரை, வாழ்த்துரை மூன்றையும் அன்று ஒரு நாளைக்கு ஒத்திவையுங்கள். பொன்னாடையும் வேண்டாம், அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு புஸ்தகம் வாங்கலாம்.