சேற்றுக்குள் மின்சாரம் ஓடுவது எப்படி?

கழிமுகச் சேற்றைக் கிளறினால் கன்னங்கரேலென்று வருகிறது, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது. ஏன்? ஆக்சிஜன் சேற்றின் மேல் சில மில்லிமீட்டருக்குள் தீர்ந்துவிடுகிறது. அதற்குக் கீழே உள்ள பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு சுவாசித்து, ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன. நாற்றம் அதனுடையது. அது இரும்போடு சேரும்போது கறுப்பு வருகிறது.

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் விரிகுடாச் சேற்றை ஆராய்ந்த லார்ஸ் பீட்டர் நீல்சன் குழு ஒரு புதிரைக் கண்டது. மேலே ஆக்சிஜன்; ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே சல்பைடு; இடையில் இரண்டுமே இல்லை. ஆனாலும் மேல்நீரில் ஆக்சிஜனைக் கூட்டிக் குறைத்தால், ஒரு மணி நேரத்துக்குள் கீழே சல்பைடின் அளவு மாறியது. மூலக்கூறுகள் ஊர்ந்து போய்ச் சேர அந்த நேரம் போதாது. மின்னோட்டம்தான் காரணம் என்று 2010-இல் அறிவித்தார்கள். 2012-இல் கம்பியே கிடைத்தது: ஆயிரக்கணக்கான செல்கள் வரிசையாகக் கோத்த இழை பாக்டீரியா! கீழ்ச் செல்கள் சல்பைடிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கின்றன. நெடுக ஓடும் நார்கள் அதை மேலே கடத்துகின்றன. மேல்நுனிச் செல்கள் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கின்றன. உண்பது ஓரிடம், சுவாசிப்பது இன்னோரிடம். இதைவிட அழகான வேலைப் பங்கீட்டை நான் அறிந்ததில்லை.

மீன்களுக்கும் இதனால் நன்மையுண்டு. ஒருகாலத்தில் கழிமுகமாக இருந்த நெதர்லாந்தின் கிரேவலிங்கன் ஏரியில், வசந்தத்தில் இந்த இழைகள் மேற்சேற்றில் இரும்பு ஆக்சைடு படியச் செய்கின்றன. கோடையில் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்தாலும், நஞ்சான சல்பைடு நீருக்குள் கசியாமல் அந்த இரும்பு வாரக்கணக்கில் பிடித்துவைக்கிறது.