குளிர்ப்பெட்டி ஏன் குளிரவில்லை?



சென்ற சித்திரை விடுமுறைக்கு நான் ஊருக்குப் போன அன்றே அம்மா என்னைக் குளிர்ப்பெட்டியின் முன் கொண்டுபோய் நிறுத்தினாள். "பாரு தம்பி, பால் திரிஞ்சு போச்சு. அப்பா மருந்து என்ன ஆகுமோ?" என்றாள். பால் போனால் போகட்டும்; உள்தட்டில் இருந்தவை அப்பாவின் இன்சுலின் குப்பிகள். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிரில் வைத்திருத்தல் வேண்டும். வெப்பம் மிகுந்தால் அதன் வீரியம் குறையும், உறைந்தாலும் கெடும். கெட்டது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். அதுதான் எங்கள் அச்சம்.

எங்கள் வீடு பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே ஒரு சிற்றூரில் உள்ளது. 1956 நவம்பர் 1-இல் எல்லை வகுத்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தறி நெய்ய இங்கு வந்தவர். அவருக்கு முன்பே வந்தவர்களும் உண்டு. பாலராம வர்மா மன்னர் காலத்தில் (1798–1810) தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்ட சாலியர்களே பாலராமபுரம் கைத்தறியைத் தொடங்கி வைத்தவர்கள். தறியை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

பழுது பார்ப்பவர் ஒருவர் வந்தார். பெட்டியைத் திறந்து கைவைத்துப் பார்த்தார். "கேஸ் போயி, மோனே. நிறைக்கணும்" என்றார். அவர் கேட்ட தொகை, அப்பா பத்து நாள் தறிக்குழியில் உட்கார்ந்து ஈட்டும் கூலி. "ஒரு நாள் பொறுங்கள், அண்ணா" என்று சொல்லி அனுப்பி வைத்தேன். இயற்பியல் படித்தவனுக்கு அவர் சொன்னதில் ஓர் ஐயம் எழுந்தது. விளக்கெரிக்கும் எண்ணெயைப் போலக் குளிர்ப்பெட்டியின் வாயு செலவாகித் தீர்வதில்லையே!

குளிர் என்பது என்ன?

குளிர் என்று தனியே ஒரு பொருள் இல்லை. வெப்பம் குறைந்த நிலையையே குளிர் என்கிறோம். ஆகவே குளிர்ப்பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுகிறது. கிணற்று நீரை இறைத்து வாய்க்காலில் விடுவது போன்ற வேலை அது.

இறைக்கும் முறையும் எளியதே. நீர் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தை உறிஞ்சும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது அதனால்தான். பெட்டிக்குள் நீருக்குப் பதிலாக, மிகத் தாழ்ந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஒரு பொருள் குழாய்களில் ஓடுகிறது. இப்போதைய வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன். அது சுமார் −12 டிகிரியிலேயே கொதித்துவிடும். உள்ளே ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். கம்ப்ரசர் அந்த ஆவியை அமுக்கிப் பின்புறக் கம்பிக் குழாய்களுக்குத் தள்ளும். அங்கே அது வெப்பத்தை அறைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகும். பின்பு ஒரு மெல்லிய குழாய் வழியே உள்ளே திரும்பும். மூடிய வட்டம் இது. ஓட்டை இருந்தாலன்றி வாயு குறைய வழியில்லை.

கம்ப்ரசர் இல்லாத காலத்தில் குளிர் கப்பலேறி வந்தது. 1833-இல் அமெரிக்க ஏரிப் பனிக்கட்டி கல்கத்தாவில் வந்து இறங்கியது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடம், 1842-இல் அந்தப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான். மரத்தூளைச் சுற்றிலும் திணித்து வெப்பத்தைத் தடுத்தே பனிக்கட்டியை அத்தனை தொலைவு கொண்டுவந்தார்கள். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: வெப்பம் உள்ளே நுழைகிறதா? வெளியேற வழியின்றி நிற்கிறதா?

நான் பார்த்த வரிசை

முதலில் அளவு. கைவைத்துப் பார்ப்பது அளவாகாது. ஒரு தம்ளர் நீரில் வெப்பமானியை இட்டு, நடுத்தட்டில் இரவு முழுதும் வைத்தேன். காலையில் 15 டிகிரி காட்டியது.

அடுத்துத் திருகு. அதில் எண் கூடக்கூடக் குளிர் கூடும். அம்மா ஏற்கெனவே கடைசி எண்ணில் வைத்திருந்தாள். கம்ப்ரசரோ இரவு பகலாய் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் பழுதில்லை, உழைப்பு எங்கோ வீணாகிறது என்று தெளிந்தேன்.

மூன்றாவது கதவு. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தேன். மேலே இறுகப் பிடித்தது. கீழ் மூலையில் வழுக்கி வந்துவிட்டது. ரப்பர் பட்டையில் அழுக்கேறி விறைத்திருந்தது. சோப்பு நீரால் துடைத்து, வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றி நிமிர்த்தினேன்.

நான்காவது பனி. உறைபெட்டியில் பனி தடித்திருந்தால் அதுவே போர்வையாகி வெப்பத்தைத் தடுக்கும். அப்போது மின்சாரத்தை நிறுத்தி உருக விட வேண்டும். கத்தியால் சுரண்டினால் குழாய் துளைபடும். எங்கள் பெட்டியில் பனி மெல்லியதாக, எல்லா இடத்திலும் சமமாகப் படர்ந்திருந்தது. நல்ல அறிகுறி இது. வாயு கசிந்திருந்தால் குழாயின் தொடக்கத்தில் மட்டும் சிறிது பனி கட்டி, மற்ற இடம் வெறுமையாய் இருக்கும். கசிந்த இடத்தில் எண்ணெய்க் கறையும் படிந்திருக்கக் கூடும்.

ஐந்தாவது பின்புறம். மின்செருகியைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை முன்னுக்கு இழுத்தேன். கம்பிகளே தெரியவில்லை! வெள்ளைக் கம்பளி போர்த்தது போல் பஞ்சு படிந்திருந்தது. அடுக்களையில் விறகடுப்பு இருப்பதால் பெட்டியைத் தறி அறையில், சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள். அப்பா நெய்யும்போது பறக்கும் நூல் துகள் ஆறு ஆண்டுகளாக அங்கே அடைந்திருக்கிறது. வெப்பம் வெளியேற வேண்டிய வாசலுக்கே நாங்கள் பஞ்சுமெத்தை போட்டு வைத்திருந்தோம்!

மெல்லிய தூரிகையால் பஞ்சை நீக்கினேன். சுவருக்கும் பெட்டிக்கும் அரைச் சாண் இடைவெளி விட்டு நிறுத்தினேன். திருகை நடு எண்ணுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலை வெப்பமானி 6 டிகிரி காட்டியது. செலவு ஒரு தூரிகை.

எப்போது ஆளை அழைப்பது?

மாலையில் மின்னழுத்தம் தாழும் ஊர்களில் கம்ப்ரசர் ஓடத் தொடங்க இயலாமல், சில நிமிடத்துக்கொரு முறை 'டக்' என்று ஒலித்து நிற்கும். அதற்கு ஸ்டெபிலைசர் துணை செய்யும். நிறுத்திய பெட்டியை உடனே ஓட விடலாகாது. குழாய் அழுத்தம் சமனாக ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். வாயு உண்மையிலேயே கசிந்திருந்தால் தேர்ந்த ஆளையே அழைக்க வேண்டும். அவர் முதலில் ஓட்டையைக் கண்டு அடைக்க வேண்டும். அடைக்காமல் நிறைத்த வாயு மறுபடியும் போய்விடும். பின்புறச் சீட்டில் குறித்துள்ள வாயுவையே நிறைக்க வேண்டும். ஐசோபியூட்டேன் தீப்பற்றும், ஆகவே அங்கே நாம் கை வைக்கலாகாது.

அந்த இரண்டு நாளும் மருந்து எங்கே இருந்தது என்று கேட்பீர்கள். அம்மா ஈர மணலுக்குள் ஒரு மண்பானையைப் பதித்து, குப்பிகளை நீர் புகாமல் கட்டி அதில் வைத்தாள். அறையில் 31 டிகிரி இருந்தபோது பானைக்குள் 27. நம் பக்கத்துக் காற்றில் ஈரம் மிகுதியாதலால் அதற்கு மேல் இறங்கவில்லை. மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னோம். அந்தக் குப்பிகளைத் திறந்தவையாகக் கருதி நான்கு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள் என்றார்.

அடுத்த நாள் அந்தப் பழுது பார்ப்பவரை வழியில் கண்டேன். பஞ்சு கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "நெசவுக்காரர் வீடாயிருந்தும் எனக்குத் தோணலையே!" என்றார். அவர் மீது எனக்குக் குறையில்லை. அந்தப் பெட்டியைப் பற்றி எங்களுக்கும்தான் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. நாம் இங்கே ஏட்டில் படிக்கும் வெப்பவியல், வீட்டில் அம்மாவின் அடுக்களை வரை போய்ச் சேரவில்லை. அடுத்த விடுமுறைக்கு ஊர் போகும்போது ஒரு வெப்பமானியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே அதற்கு வேலை இருக்கும்.