வேலையும் வழக்கும் – 14: 35 வயதில் ஓய்வு

வயதைக் காரணம் காட்டி ஒருவரை வேலையிலிருந்து அனுப்ப முடியுமா? மாட்டுங்கா, செம்பூர் வாசகர்கள் பலருக்கும் உள்ள கேள்வி இது. இதற்கு மும்பையிலேயே பிறந்த ஒரு வழக்கு உண்டு.

ஏர் இந்தியாவின் தலைமையகம் பம்பாயில் இருந்த காலம். விமானப் பணிப்பெண்களுக்கு 35 வயதில் ஓய்வு. சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் கல்யாணம் செய்தாலோ, முதல் முறை கருவுற்றாலோ அதற்கு முன்பே வேலை போய்விடும். நிர்வாக இயக்குநர் மனம்வைத்தால் 45 வரை நீட்டிப்பு. அதே விமானத்தில் அதே பயணிகளுக்குச் சாப்பாடு பரிமாறிய ஆண் உதவி பர்சருக்கோ 58-இல்தான் ஓய்வு.

நர்கேஷ் மீர்சாவும் சக பணிப்பெண்களும் வழக்குத் தொடுத்தார்கள். 1981 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஃபசல் அலி எழுதினார். அமர்வில் தமிழரான நீதிபதி வரதராஜனும் இருந்தார். கருவுற்றதற்காக வேலையைப் பறிக்கும் விதி ரத்தானது. நீட்டிப்பை இயக்குநரின் இஷ்டத்துக்கு விட்டதும் ரத்தானது. ஆனால் 35-க்கும் 58-க்கும் உள்ள இடைவெளி? பணிப்பெண்ணும் பர்சரும் தனித்தனிப் பிரிவினர், ஒப்பிட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பின்னாளில் அரசு உத்தரவால் ஓய்வு வயது 58 ஆனது. பறக்கும் வயது மட்டும் 50-இல் நின்றது. 2003-இல் அதையும் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

கவனியுங்கள்: பணிப்பெண்கள் முன்வைத்த வாதம் ஆண், பெண் பாகுபாடு. வயதுப் பாகுபாடு என்று தனியே கேட்க அவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. அரசியலமைப்பின் 15, 16-ஆம் பிரிவுகள் மதம், சாதி, பாலினம், பிறந்த இடம் என்று அடுக்குகின்றன; வயது அதில் இல்லை. அமெரிக்காவில் 40 வயதைத் தாண்டியவர்களைக் காக்க 1967-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

நம் ஊரில் வயதுக்காக வென்றது சங்கங்கள்தான். 1964-இல் ஷா வாலஸ் கம்பெனி ஊழியர்களின் வழக்கில், பம்பாய் வட்டாரத்தின் போக்கைக் கணக்கில் எடுத்து, குமாஸ்தாக்களின் ஓய்வு வயதை 55-லிருந்து 60-ஆக உயர்த்தியது உச்ச நீதிமன்றம். கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்கு ரயிலேறிப் போன நம்மவர்கள் பலருக்கும் அந்தப் போக்குதான் பலன் தந்தது. மேனேஜர் பதவியில் இருப்பவருக்கு இந்த வழி இல்லை. நியமனக் கடிதத்தில் உள்ளதுதான் கணக்கு. தாராவியின் தோல் பட்டறையில் கடிதமே கிடையாது. கண் மங்கினால் முதலாளி வேறு ஆளைத் தேடிக்கொள்வார்.

ஆக, கையில் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். 52 வயதில் கூப்பிட்டு, “நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க, மரியாதையாப் போயிடலாம்” என்பார்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் அது நீங்களாக விலகியதாகிவிடும். மிரட்டி வாங்கியது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். வேலைநீக்கம் என்றால் காரணத்தையும் இழப்பீட்டையும் அவர்கள்தான் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடுமுன் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். வக்கீலையோ சங்கத்தையோ பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

(தொடரும்)