உங்கள் இதயம் பிரேக் பிடித்தபடிதான் ஓடுகிறது, தெரியுமா?

இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே, வலது கையின் இரண்டு விரல்களை வையுங்கள். நாடி கிடைத்ததா? நிமிடத்துக்கு 70, 75 இருக்கலாம். அதுதான் இதயத்தின் சொந்த வேகம் என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! அதன் போக்கில் விட்டால் இதயம் 100 தடவை துடிக்கும். மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 90, 100 என்று ஓடுவது அதனால்தான். அறுவை சிகிச்சையில் அந்த இதயத்துக்குப் போகும் நரம்புகள் துண்டிக்கப்பட்டுவிடுகின்றன. நம் இதயத்தையோ மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு ராத்திரி பகலாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நிம்மதி என்கிறோமே, அது நெஞ்சுக்குள் இந்த பிரேக் நன்றாகப் பிடித்திருக்கும் நேரம்!

இந்த பிரேக்கின் ரகசியம் ஒரு கனவில் கிடைத்தது என்றால் நம்புவீர்களா? ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இருந்த ஓட்டோ லோவி, கனவில் வந்த சோதனையை நள்ளிரவில் எழுந்து ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துவைத்தாராம். விடிந்து பார்த்தால் தன் எழுத்து தனக்கே புரியவில்லை! மறுநாள் இரவும் அதே கனவு. இந்த முறை எழுதிக்கொண்டிருக்கவில்லை, நேராக ஆய்வுக்கூடத்துக்கே ஓடிவிட்டார். ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அந்த இதயத்தை நனைத்திருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். அதுவும் தளர்ந்தது! நரம்பு பேசுவது ரசாயனத்தால் என்று உலகுக்குத் தெரிந்தது. 1936-ல் நோபல் பரிசு.

சரி, பதற்றம் வந்தால்? பிரேக் விடுபடும், அட்ரினலின் பாயும், ரத்த அழுத்தம் ஏறும். இன்னொன்றும் நடக்கிறது: ரத்தம் சட்டென்று உறையத் தயாராகிவிடுகிறது! புலியோடு போராடினால் காயம் படுமே, ரத்தம் வீணாகக் கூடாதே என்று உடம்பு செய்யும் ஏற்பாடு இது. ஆனால் இன்று நம்மைத் துரத்துவது புலியா? அமெரிக்காவில் வருமான வரிக் கணக்குக்குக் கடைசி நாள் ஏப்ரல் 15. சான் பிரான்சிஸ்கோவின் இதய மருத்துவர்கள் ஃப்ரீட்மனும் ரோசன்மனும் கணக்காளர்களின் ரத்தத்தை மாதக்கணக்கில் சோதித்து, 1958-ல் முடிவை வெளியிட்டார்கள். கெடு நெருங்க நெருங்கக் கொழுப்பு ஏறியிருந்தது, ரத்தம் உறையும் வேகமும் கூடியிருந்தது. எதிரே இருந்தது வெறும் காகிதக் கட்டுதான்!

அந்தப் பதற்றம் ஒரே அதிர்ச்சியாக வந்தால்? 1994 ஜனவரி 17, விடியற்காலையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியை நிலநடுக்கம் உலுக்கியது. அந்த வட்டாரத்தில் இதயக் கோளாறால் திடீரென இறப்பவர்கள் அதற்கு முந்தைய வாரத்தில் நாளுக்குச் சராசரி 4.6 பேர். அன்று ஒரே நாளில் 24 பேர்.

மனசு உடைந்துபோச்சு என்கிறோம். நிஜமாகவே இதயம் உருமாறும் தெரியுமா? 1990-ல் ஜப்பானின் ஹிரோஷிமா மருத்துவர்கள் இதை முதன்முதலாக எழுதிவைத்தார்கள். பார்த்தால் மாரடைப்பு மாதிரியே இருக்கும்; ஆனால் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்காது. இதயத்தின் கீழ்முனை மட்டும் பலூன் போல உப்பி நிற்கும். குறுகிய கழுத்தும் உருண்டை வயிறும் கொண்ட, ஆக்டோபஸ் பிடிக்கும் ஜப்பானியப் பானையின் உருவம்! அதனால் அந்தப் பானையின் பெயரையே வைத்தார்கள்: டாகோட்சுபோ. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. பலருக்கும் கணவரின் மரணம், பெரும் அதிர்ச்சி என்று ஏதோ ஒன்று முன்னால் நடந்திருக்கும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! இன்னும் கேளுங்கள். உணர்ச்சி வேகத்தால் இது வந்த 485 பேரைச் சூரிச் மருத்துவர்கள் 2016-ல் அலசியபோது, 20 பேருக்குக் காரணம் மகிழ்ச்சி!

நிலநடுக்கம் என்றைக்கோ ஒரு நாள் வருவது. அன்றாடத் தொல்லை? மாரடைப்பைப் பற்றி 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-ல் வெளியானது. புகைபிடித்தல், சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் இவற்றோடு மன உளைச்சலையும் அது ஒரே வரிசையில் உட்கார வைத்தது. வீட்டுக் கவலை, வேலைக் கவலை, கடன் கவலை எல்லாமே இதில் சேர்த்தி.

இனி என்னை மலைக்க வைத்த செய்திக்கு வருகிறேன். 2001-ல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டியின் குழு 23 பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்ல வைத்தது, பிறகு ஒரு யோக மந்திரத்தை. மதம் வேறு, மொழி வேறு. மூச்சு மட்டும் இரண்டிலும் நிமிடத்துக்குச் சுமார் 6! நம் ரத்த அழுத்தத்துக்கு இயற்கையாகவே 10 விநாடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும் அலை உண்டு. மூச்சு அதோடு சேர்ந்துகொண்டதும் ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் அனிச்சைச் செயல் கூர்மையானது.

நாடியில் இன்னும் விரல் இருக்கிறதா? மெல்ல மூச்சை இழுங்கள். துடிப்பு கொஞ்சம் விரையும். இழுத்ததைவிட நீளமாக விடுங்கள், தளரும். மூச்சு வெளியே போகும்போதுதான் வேகஸ் பிரேக்கை இன்னும் இறுக அழுத்துகிறது! பஸ் நெரிசலில், மேலாளர் அறை வாசலில், ஒரு பைசா செலவில்லாமல் செய்யலாம். மாத்திரைக்கு இது மாற்று அல்ல. நெஞ்சை அழுத்துகிற வலி, வியர்வை, இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி என்றால் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு நிற்காதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள்.

நம் வாயில் தானாக வரும் ஒரு சொல்லைக் கவனித்திருக்கிறீர்களா? அப்பாடா! சொல்லிப் பாருங்கள், அந்தக் கடைசி ‘ஆ’ முழுக்க வெளியே போகும் மூச்சுதான். நேற்று அம்மா காய்கறிப் பையோடு மாடியேறி வந்து நாற்காலியில் சாய்ந்ததும் ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். “என்னடா, கையப் புடிச்சிக்கிட்டு?” என்றார். அப்புறம் கண்ணை மூடி, “அப்பாடாஆஆ...” என் விரலுக்கடியில் திடுதிடுவென்று ஓடிக்கொண்டிருந்த நாடி, ஒவ்வொரு துடிப்பாகத் தள்ளித் தள்ளி விழத் தொடங்கியது.