மைக்கேல்சனின் 100 அளவீடுகள்: நம்பிக்கை இடைவெளி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

1879-ல் அமெரிக்காவின் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில், சுழலும் கண்ணாடி ஒன்றைக் கொண்டு ஒளியின் வேகத்தை அளந்தார் ஆல்பர்ட் மைக்கேல்சன். அவருடைய அளவீடுகளில் நூறு, வரிசைக்கு 20 வீதம் ஐந்து வரிசைகளாக, ‘ஆர்’ என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளோடு கூடவே வருகின்றன. கோப்பின் பெயர் ‘மார்லி’. பின்னாளில் மைக்கேல்சனோடு சேர்ந்து ஆய்வு செய்த எட்வர்ட் மார்லிக்கு இந்த ஆய்வில் பங்கில்லை என்று மென்பொருளின் உதவிப் பக்கமே சொல்கிறது. நம்பிக்கை இடைவெளியைக் கற்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஒரே வரிக் கட்டளையில் அந்த இடைவெளி வந்துவிடும். உள்ளே நடக்கும் கணக்கும் எளிதுதான். நூறு அளவீடுகளின் சராசரி விநாடிக்கு 299,852.4 கி.மீ. அவற்றின் சிதறலைக் காட்டும் திட்ட விலக்கம் 79. அதை நூறின் வர்க்கமூலமான பத்தால் வகுத்தால் திட்டப்பிழை 7.9. அதை 95 சதவீதத்துக்குரிய 1.98 மடங்காக்கி, சராசரியோடு ஒருமுறை கூட்டி ஒருமுறை கழித்தால், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி சுமார் 299,837 முதல் 299,868 வரை.

இந்த 95 சதவீதம் எதற்கு? உண்மையான வேகம் இந்த இடைவெளிக்குள் இருக்க 95 சதவீத வாய்ப்பு என்றே பலரும் படிக்கிறார்கள். 1937-ல் இம்முறையை விரிவாக வகுத்துத் தந்த ஜெர்சி நெய்மன் சொன்னது வேறு. இதே ஆய்வைத் திரும்பத் திரும்பச் செய்து, ஒவ்வொரு முறையும் இப்படி ஓர் இடைவெளி கணக்கிட்டால், அவற்றில் 95 சதவீதம் உண்மை மதிப்பைப் பிடித்துவிடும். உத்தரவாதம் முறைக்குத்தான், கையிலிருக்கும் ஓர் இடைவெளிக்கு அல்ல.

அதிலும் ஒரு நிபந்தனை உண்டு: கருவி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கக் கூடாது. வெற்றிடத்தில் ஒளியின் வேகம் 299,792.458 கி.மீ. என 1983-ல் வரையறுக்கப்பட்டது. மைக்கேல்சன் அளந்த காற்றில் அது இன்னும் சற்றுக் குறைவு. எப்படிப் பார்த்தாலும் உண்மை, நாம் கணக்கிட்ட இடைவெளிக்கு வெளியே, கீழே நிற்கிறது. அளவீடுகளுக்குள் இருக்கும் சிதறலை மட்டுமே மென்பொருள் பார்க்கும். நூறையும் ஒரே திசையில் தள்ளிய பிழை அதன் கண்ணில் படாது. அளவீடுகளை ஆயிரமாக்கினால் இடைவெளி குறுகும். தவறான இடத்தில் குறுகும்.

வரைபடம்தான் இங்கே உதவுகிறது. ஐந்து வரிசைகளையும் தனித்தனியே வரைந்தால், முதல் வரிசையின் சராசரி 299,909 என்று உயரத்தில் தெரியும், நான்காவது 299,820.5-க்கு இறங்கியிருக்கும். நூறும் ஒரே தன்மையவை என்று எடுத்துக்கொண்டதே கேள்விக்குரியது என்பதை ஒற்றைச் சராசரி மறைத்துவிடுகிறது.

ஒவ்வொரு வரிசையின் மேலும் மென்பொருள் வரையும் பிழைப்பட்டையிலும் கவனம் வேண்டும். திட்ட விலக்கம், திட்டப்பிழை, 95 சதவீத இடைவெளி மூன்றையும் ஒரே வடிவக் கோடாகத்தான் வரைவார்கள். நூறு அளவீடுகளுக்கும் சேர்த்து வரைந்தால் அதன் அரை நீளம் முறையே 79, 7.9, 15.7. எதை வரைந்தோம், எத்தனை அளவீடுகளிலிருந்து என்பதைப் படத்தின் அடியிலேயே எழுதிவிட வேண்டும். வரிசைக்கு 20 புள்ளிகள்தானே, அவற்றையும் பட்டைக்குப் பக்கத்தில் அப்படியே வைத்துவிடலாம்.